வெளுத்துப்போன ஊதாத்தாள்

வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறவளுக்கு வெயில் என்று தனியாக ஒன்று கிடையாது. தலைக்கு மேலே ஒரு அடுப்பு, காலடியில் ஒரு அடுப்பு, நடுவில் அவள். தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால், பாலாற்றைப் பார்த்த மேட்டில், புங்க மரத்தடியில் சவுரியம்மாளின் பானை கொதித்துக்கொண்டிருக்கும். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தூக்கிய தோலின் ஓரங்களை உள்ளே நறுக்கிப் போடுவார்கள். காது, வால், கால் பக்கத்துத் துண்டு, சதையோடு வந்த சவ்வு. யாருக்கும் வேண்டாத அந்தக் கழிவை அள்ளிக்கொள்ள அவளுக்கு மட்டும் உத்தரவு இருந்தது. அவள் புருஷன் அந்தத் தொட்டியில் இடுப்பளவு நின்று உழைத்தே போய்ச் சேர்ந்தவன். அதற்காகக் கிடைத்த உத்தரவு. துண்டுகளைக் கரையக் கரையக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உலர்த்தித் தச்சர்களுக்கு விற்பாள். அவள் வஜ்ஜிரத்தில் ஒட்டாத கட்டில் கால் ஆம்பூர் வட்டாரத்தில் கம்மி.

பானையிலிருந்து எழும் ஆவிக்குள் நின்று பார்த்தால் ஆறு ஆறாக இருக்காது. காய்ந்த மணல் அலை அலையாக நெளியும். அக்கரையில் போகிற மாட்டுவண்டி தரையைத் தொடாமல் போகும். காக்கை பறக்காமல் மிதக்கும். அவளுக்கு அது பிடித்திருந்தது. கை துடுப்பைத் துழாவிக்கொண்டே இருக்கும், மனசு எங்கேயோ போய்ப் படுத்துக்கொள்ளும். வெளியூர்க்காரர்கள் ரயில் இந்தப் பக்கம் வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். எதற்கென்று அவளுக்கு விளங்கியதில்லை.

அப்படி ஒரு நாள் ஆவிக்குள்ளிருந்து இரண்டு பையன்கள் நடந்து வந்தார்கள். முதலில் தலை தெரிந்தது, அப்புறம் சட்டை, கடைசியில் கால். ஹைஸ்கூலில் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படிக்கிறவர்கள். உயரமானவன் நிசார் அஹமது. மாதம் ஒரு முறை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் பத்திரிகைக்கு அவன்தான் ஆசிரியன். கூட வந்த குள்ளமானவன் சாமுவேல். முத்து முத்தான கையெழுத்துக்காரன். பத்திரிகையை எழுதுவது அவன்.

"அக்கா, எங்களுக்கு வஜ்ஜிரம் வேணும்" என்றான் நிசார்.

"இன்னாத்துக்கு? பெஞ்சு ஒடஞ்சு போச்சா?"

"பத்திரிகை அச்சடிக்க."

அவள் சிரித்துவிட்டாள். "நான் கட்டில் காலு ஒட்டறவங்களுக்கு விக்கறவ தம்பி. எழுத்தை ஒட்டறதுக்கு என்கிட்ட இல்ல."

சாமுவேல் பொறுமையாகச் சொன்னான். வஜ்ஜிரத்தையும் வேலூர் மருந்துக்கடையில் விற்கும் கிளிசரினையும் சேர்த்துக் காய்ச்சித் தகரத் தட்டில் ஊற்றினால் பாகு மாதிரி உறைந்து நிற்கும். கெட்டியான ஊதா மையில் ஒரு தாள் எழுதி அதன்மேல் குப்புறப் போட்டால், பாகு எழுத்தைக் குடித்துவிடும். பிறகு வெறும் தாளை வைத்து வைத்து எடுத்தால் குடித்ததை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். இதுவரை பாகு மெட்ராஸிலிருந்து வந்தது. இந்த வருஷம் கட்டுப்படியாகவில்லை.

சவுரியம்மாள் நம்பவில்லை. ஆனாலும் வஜ்ஜிரம் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துப் பின்கட்டு வராந்தாவில் அவர்கள் முதல் தாளை எடுத்தபோது, கூப்பிட்டார்களே என்று போய்க் கம்பத்தோரம் நின்று பார்த்தாள். வெள்ளைத் தாள் போனது, ஊதா எழுத்தோடு வந்தது. மறுபடி வெள்ளை போனது, மறுபடி ஊதா வந்தது. தட்டுக்குள் எழுத்துகள் தலைகீழாக, கலங்கிய தண்ணீரில் கெளுத்திக் குஞ்சு நிற்பது போல அசையாமல் நின்றன. மாட்டின் காதும் வாலும் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அவளுக்குத் தோன்றியது. அவளே முடி நரைத்த பிறகு கற்றவள்தான். மாதா கோயிலில் உபதேசியாரின் சம்சாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்களை உட்காரவைத்து மணலில் எழுதச் சொல்லிக்கொடுத்தாள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்விட்டார்கள். சவுரியம்மாள் மட்டும் போகவில்லை. இப்போதும் ஒரு சொல்லைப் படிக்க வேண்டுமானால், ஆவாரம் பட்டை மூட்டையைத் தலைக்கு ஏற்றுவது போல மூச்சை இழுத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் தூக்குவாள்.

கிணற்றுச் சேதி வந்தது தற்செயலாகத்தான். அடுத்த தடவை வஜ்ஜிரத்துக்கு வந்த பையன்களுக்கு அவள் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நிசார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"கசக்குதே அக்கா."

"ஆமா. ஷாப்புக் கழிவுத் தண்ணி விடறதுக்கு நம்ம கெணத்தாண்ட புதுசா குழி வெட்னாங்க பாரு, அதுலேர்ந்து இப்டி. சோறு பொங்கினா மஞ்சளா ஆவுது. ரெண்டு தரம் கழுவினாலும் போவல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டாங்க, சொல்றதுக்கு?"

"நாங்க கேக்கறோம்."

சாமுவேல் பையிலிருந்து சிலேட்டை எடுத்தான். அவள் சொன்னதை எழுதினான். நிசார் எழுந்து போய்க் குழியைப் பார்த்தான், கிணற்றில் வாளி விட்டு இறைத்துப் பார்த்தான், பக்கத்து வீட்டில் வடித்து வைத்திருந்த சோற்றைக் காட்டச் சொல்லிப் பார்த்தான். அவன் திரும்பி வந்ததும், சாமுவேல் தான் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினான். 'குழி வெட்டிய பிறகு கிணற்றுத் தண்ணீர் கெட்டு நஞ்சாகிவிட்டது என்கிறார்.'

"நஞ்சுன்னு நான் சொல்லல, தம்பி."

"இல்ல அக்கா, அப்டி எழுதினா கொஞ்சம் அழுத்தமா இருக்கும்னு..."

"கசக்குதுன்னுதானே சொன்னேன். அதை எழுது."

நிசார் சாமுவேலின் தலையில் செல்லமாகத் தட்டினான். "டேய், அழுத்தம் நீ பென்சில்ல குடு. வார்த்தை அவங்களுது."

சாமுவேல் எச்சில் தொட்டு அழித்துவிட்டு 'கசக்கிறது' என்று எழுதினான். பேர் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாமென்றால் வேண்டாம், ஒரு பெண் சொன்னார் என்று போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அவள் துடுப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். அவள் பேர் இதுவரைக்கும் எழுதப்பட்டது கோயிலில் இரண்டு தடவை. ஞானஸ்நானத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. அப்போதெல்லாம் அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"போடு" என்றாள்.

பத்திரிகையை ஊரில் யாரும் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊதாத்தாள் என்பார்கள். அந்த மாதத்து ஊதாத்தாள் ஒரு சனிக்கிழமை வெளிவந்தது. வேலை விடும் நேரத்தில் ஷாப்பு கேட்டுக்கு எதிரே காப்பிக் கடைக்காரர் பெஞ்சில் ஏறிப் படித்தார். கேட்டவர்கள் கேட்டார்கள், பாதி காதில் வாங்கினவர்கள் பாதியோடு போனார்கள். ஒரு தாளைச் சவுரியம்மாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் சுவரில் தன் வஜ்ஜிரத்தாலேயே ஒட்டினாள். காலையில் எழுந்ததும் அதன் எதிரே நின்று தன் பேரைக் கூட்டினாள். ச, வு, ரி. ஒவ்வொரு எழுத்தும் கத்தரிப்பூ நிறத்தில் ஈரமாக இருப்பது போலிருந்தது. தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும் என்று தொடாமலே நின்றாள்.

திங்கட்கிழமை ஊதா கொஞ்சம் இளைத்திருந்தது. வீட்டுக்குள் வெளிச்சம் கம்மி என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் எழுத்து, மழைக்கு முந்தைய சாயங்கால வானத்தின் நிறத்துக்கு வந்தது. அதற்கடுத்த நாள் விடியும்போது கண்ணை இடுக்கிப் பார்த்தால் உண்டு, நேராகப் பார்த்தால் இல்லை. அப்புறம் அதுவும் போயிற்று. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தாள், உள்ளே போய்ப் பார்த்தாள். வெறும் தாள். தன் கண்தான் போயிற்று என்று பயந்து, கைப்பிள்ளையைக் காய்ச்சலில் பறிகொடுத்திருந்த அடுத்த வீட்டு மரியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஒண்ணுமில்லியே அக்கா, வெள்ளையா கீது" என்றாள் மரியம்மாள்.

அவள் வீட்டில் மட்டும் இல்லை. காப்பிக் கடையில் ஆணியில் மாட்டியிருந்தது வெளுத்தது. சலூனில் கண்ணாடிக்குக் கீழே இருந்தது வெளுத்தது. ஹைஸ்கூல் அறிவிப்புப் பலகையில் இருந்ததும் வெளுத்தது. ஊர் முழுக்க ஒரே கனவைக் கண்டு ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது.

கனவு கண்டவன் சும்மா இருப்பானா? சொல்ல ஆரம்பித்தான். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. தாளில் எழுத்து இருந்தவரைக்கும் கிணற்றுத் தண்ணீர் கசந்தது, சோறு மஞ்சளானது, அவ்வளவுதான். எழுத்து போனதும் யார் வேண்டுமானாலும் அதில் எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்றாயிற்று. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கிணற்றில் மருந்து கொட்டினார்களாம், சவுரியம்மாள் கண்ணால் பார்த்தாளாம். மரியம்மாளின் பிள்ளை செத்தது அதனால்தானாம். சாய்புதான் ஆள் வைத்துக் கொட்டச் சொன்னாராம். எழுத்து மறைந்ததுகூட அவர் மந்திரக்காரனை வைத்து மறைத்ததாம். வெறும் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "இதுல போட்டிருந்தாங்க, நானே பாத்தேன்" என்று எழுத்தே தெரியாதவன் சத்தியம் செய்தான்.

சாய்பு என்றால் ஷாப்பு முதலாளி நயீம் அகமது. அதட்டிப் பேசாத மனிதர். ஆனால் பேர் கெட்டுப்போவதைத் தாங்கமாட்டார். ஹைஸ்கூலுக்குப் புதுக் கட்டடம் எழுப்பப் பாதி கொடுத்தவரும் அவர்தான். பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார். என்ன எழுதினீர்கள், காட்டுங்கள் என்று கேட்டார். பையன்களிடம் காட்ட ஒன்றுமில்லை. பாகில் குப்புறப் போட்ட மூலத் தாளும் வெளுத்துவிட்டது. சிலேட்டு எப்போதோ அழிந்தது. ஹெட்மாஸ்டர் ராமமூர்த்தி அய்யர் பையன்களைக் கூப்பிட்டு, எழுதினதை நிரூபிக்க முடியாவிட்டால் பத்திரிகை இந்த மாதத்தோடு நின்றது என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் சாய்பு வருவார், அந்த அம்மாளையும் வரச் சொல், அவள் வாயால் கேட்போம் என்று முடிவாயிற்று.

அதற்குள் அவளைத் தேடி முதலில் வந்தவன் ஷாப்பு மேஸ்திரி கன்னியப்பன். புங்க மரத்தடியில் குந்திப் பீடி பற்றவைத்தான்.

"இன்னா சவுரி, நல்லா மாட்டிக்கினியா?"

"நான் இன்னா பண்ணேன் மேஸ்திரி?"

"நீ ஒண்ணும் பண்ணல. அதத்தான் நானும் சொல்றேன். அங்க போயி, நான் ஒண்ணுமே சொல்லல, புள்ளைங்க அதுங்களா எழுதிக்கிச்சுன்னு சொல்லிட்டு வந்துடு. எழுத்துதான் போயே போய்ட்டுதே. யாரு உன்னப் புடிப்பா? கடவுளே ஒனக்கு வழி உட்டுக்கீறாரு."

"புள்ளைங்க பத்திரிகை?"

"அதுங்க பெரிய வூட்டுப் புள்ளைங்க. பத்திரிகை போனா பாஸ் பண்ணிட்டு உத்தியோகம் போவும். நீ ஓரத்துண்டு போனா எங்க போவே?" புகையை விட்டுவிட்டு எழுந்தான். "யோசி. திங்கக்கெழமை கேட்டுல நான்தான் நிப்பேன்."

மரியம்மாள் வந்தது சாயங்காலம். பிள்ளை போனதிலிருந்து அவள் தலைவாருவதில்லை. வந்ததும் சவுரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ சொல்லிடு. அந்தத் தண்ணிதான் என் புள்ளைய கொண்ணுதுன்னு. எல்லாரும் சொல்றாங்க, நீ சொன்னேன்னு."

"நான் சொல்லல, மரியா."

"இப்பதான் சொல்லேன். உன் பேச்சு தாள்ல வருது. என் பேச்சு எங்க வரும்?"

அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டியவள் சவுரியம்மாள். காய்ச்சலில் அது கொதித்தபோது ஈரத்துணி போட்டவள் அவள். தண்ணீரால் வந்த காய்ச்சலா, தானாக வந்த காய்ச்சலா, அவளுக்குத் தெரியாது. வைத்தியருக்கும் தெரியவில்லை. 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் இந்தக் கை தன் கையை விடாது. அது அவளுக்குத் தெரிந்தது.

கடைசியாகப் பையன்கள் வந்தார்கள். உறைந்த பாகுத் தட்டைச் சுமந்துகொண்டு வந்து அவள் முன் வைத்தார்கள். எழுத்து ஏன் போனதென்று விளங்கவில்லை என்றார்கள். சவுரியம்மாள் ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். சுரீரென்றது. சுண்ணாம்பு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய துண்டை ஆற்றில் ஒரு அலசு அலசிப் பானையில் போடுவதே அவள் வழக்கம். கட்டில் காலுக்கு அது போதும், தச்சன் நாக்கில் வைத்தா பார்க்கிறான்? அந்த மிச்சச் சுண்ணாம்புதான் பாகுக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலும் எழுத்தோடு எழுத்தாகத் தானும் ஏறி, ஊதாவைத் தின்றிருக்கிறது. பிறந்ததிலிருந்து சுண்ணாம்பிலேயே புழங்குகிறவளுக்குச் சுண்ணாம்பு கண்ணில் படவில்லை.

"என் கையாலதான் போச்சு" என்றாள்.

"நாங்களும்தான்" என்றான் சாமுவேல். "புதுப் பாகு. ஒரு வாரம் வெச்சுப் பாத்துட்டு ஊருக்குக் குடுத்திருக்கணும். அவசரப்பட்டுட்டோம்."

பானை குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரி வந்து போனதை அவள் சொன்னாள். நிசார் மண்ணைக் குச்சியால் கீறிக்கொண்டிருந்தான்.

"நீங்க சனிக்கிழமை இல்லைன்னு சொன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"சொன்னா?"

"பத்திரிகை நிக்காம இருந்தா, இல்லைன்னு சொன்னீங்கன்னு போடுவோம். நின்னு போச்சுன்னா, போச்சு. நீங்க பொய் சொன்னீங்கன்னு வெளியில சொல்ல மாட்டோம். உங்க வயித்துப் பொழப்பு உங்களுது அக்கா. இப்டிச் சொல்லுங்கன்னு கேக்க நாங்க வரல. தட்டைக் காட்டத்தான் வந்தோம்."

அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். கெஞ்சியிருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம். ஒன்றும் கேட்காமல் போனதுதான் அவளுக்குப் பாரமாக இருந்தது.

சனிக்கிழமை அனல் காற்று வீசியது. வெந்துகிடந்த மண்ணில் அவள் நடந்து போனாள். ஹைஸ்கூல் ஜன்னல்களின் பச்சைக் கதவுகள் தூரத்தில் அசைந்தன, தண்ணீருக்கடியில் இருக்கிற வீடு மாதிரி. அறைக்குள் மேசைக்கு அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர், இந்தப் பக்கம் நயீம் அகமது, சுவரோரம் பையன்கள் இருவர். மேஸ்திரி கதவடியில். ஜன்னலுக்கு வெளியே குடியிருப்பு ஜனம். முன்னால் மரியம்மாள். மேசைமேல் ஒரு வெறும் தாள். அவள் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றாள். நிசார் ஒரு ஸ்டூலை நகர்த்தினான். அவள் உட்காரவில்லை.

சாய்பு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். "இதுல இன்னா இருந்துதுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஊரு ஒண்ணு பேசுது. நான் கெணத்துல விஷம் வெச்சேன்னு பேசுது. நீ சொன்னியா?"

"இல்லைங்க சாய்பு."

கதவடியில் மேஸ்திரி மூச்சு விட்டது கேட்டது. ஹெட்மாஸ்டர் பையன்களைப் பார்த்தார். சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அந்த ஒரு சொல்லோடு வெளியே வந்து, திங்கட்கிழமை கூடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போயிருக்கலாம். அவள் கண் வெறும் தாளின்மேல் இருந்தது. அறை மெல்ல மெல்ல ஆவியால் நிரம்புவது போலிருந்தது. அந்த வெள்ளைக்குள், ஊதாவாக இல்லை, ஒரு நிறமும் இல்லாமல், தான் சொன்ன சொற்கள் வரிசையாக நிற்பதாக அவளுக்குப் பட்டது. அவளுக்கு அதைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. தூக்கவும் வேண்டியிருக்கவில்லை.

"வெஷம்னு சொல்லல" என்றாள். "குழி வெட்னதுக்கப்புறம் கெணத்துத் தண்ணி கசக்குதுன்னு சொன்னேன். சோறு மஞ்சளா ஆவுதுன்னு சொன்னேன். ரெண்டு தரம் கழுவினாலும் போவலன்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். இந்தத் தம்பிங்க அதைத்தான் எழுதினாங்க. எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

ஜன்னலில் சலசலப்பு. "புள்ள செத்தத சொல்லு சவுரி" என்று ஒரு குரல் வந்தது.

சாய்பு அந்தப் பக்கம் திரும்பவில்லை. "அந்தக் குழந்தை?"

மரியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சவுரியம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"காய்ச்சல்ல போச்சுங்க. தண்ணியாலன்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னும் தெரியாது. தெரியாதத நான் சொல்லல."

கம்பியிலிருந்து கை நழுவியது. அந்த முகம் இருந்த இடத்தில் வெளியே வெள்ளை வெயில் மட்டும் இருந்தது.

நயீம் அகமது வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார். "நான் அந்தக் கெணத்துல தண்ணி குடிச்சதில்ல" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு எழுந்து ஹெட்மாஸ்டரிடம், "இந்த பொம்பள எனக்காகவும் பேசல, வெளியில நிக்கற ஜனங்களுக்காகவும் பேசல சார். பத்திரிகை நடக்கட்டும்" என்றார்.

நிசார் சாய்பு முன்னால் ஓரடி வந்தான். "குழியைப் பத்தி நீங்க இன்னா சொல்றீங்கன்னு போடணும் சார். இல்லைன்னா பாதிதான் ஆவும்."

ஹெட்மாஸ்டர் அதட்டப்போனார். சாய்பு கையமர்த்தினார். "திங்கக்கெழமை ஆள உட்டுத் தண்ணியப் பாக்கச் சொல்றேன். குழிதான் காரணம்னா வேற எடத்துல வெட்டுவேன். அவ்ளோதான் இப்ப சொல்ல முடியும்."

சாமுவேல் எழுதிக்கொண்டான். உடனே எழுந்து நின்று, எழுதியதை அவருக்குப் படித்தும் காட்டினான். சாய்புக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை கேட்டில் மேஸ்திரி நின்றான். அவள் கூடையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓரத்துண்டு இனிமே ராணிப்பேட்டைக்காரன் எடுத்துக்கறான்" என்றான். சாய்பு சொன்னாரா, நீயாகச் சொல்கிறாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். அதை நம்புவதா வேண்டாமா என்று இன்னொரு பாரம். பேசாமல் பட்டைக் கிடங்குப் பக்கம் போனாள். அங்கே ஆவாரம் பட்டை இடிக்கப் பெண்கள் எப்போதும் வேண்டியிருந்தது. உலக்கை பிடித்துப் பழகாத கை முதல் நாளே கொப்பளித்தது. இடிக்கிற பட்டையின் சிவப்புத் தூள் காற்றில் எழுந்து எல்லோர் மேலும் இறங்கியது. சாயங்காலத்தில் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அந்திக்குள்ளிருந்து அப்போதுதான் எழுந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

வீட்டில் பழைய துண்டு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் தவிட்டுத் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, ஷாப்பில் தோலுக்குச் செய்வது போலச் சுண்ணாம்பு போகக் கழுவினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். மறுபடி கழுவினாள். சுரீரென்னாத வரைக்கும் கழுவினாள். அது அவளுடைய கடைசிப் பானை. பையன்கள் வந்து வாங்கிக்கொண்டு போய், ஒரு வாரம் தாளை வெயிலில் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த ஊதாத்தாளை வெளியே விட்டார்கள். எழுத்து நின்றது.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. விஷமும் இல்லை, மந்திரமும் இல்லை. கசப்பு, மஞ்சள் சோறு, பார்க்கச் சொல்கிறேன் என்று ஒரு முதலாளி. இதற்குத்தானா இவ்வளவு பேஜாரு என்று காப்பிக் கடையில் கேட்டார்கள். ஆனாலும் குழியோரம் ஆள் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனான். கிணறு உடனே இனித்துவிடவில்லை.

மரியம்மாள் சவுரியம்மாளோடு பேசவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் அவள் வருகிற நேரம் பார்த்து இவள் திரும்பிவிடுவாள், இவள் வருகிற நேரம் பார்த்து அவள். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஒருவர் இருமலை ஒருவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, சவுரியம்மாள் கொப்பளித்த கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கதவு திறந்தது. மரியம்மாள் வெளியே வந்தாள். தலை வாரியிருந்தாள். எண்ணெய் வைத்து, நடு வகிடு எடுத்து, இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். வெளுத்த சேலைதான், ஆனால் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது.

"அந்தப் புள்ளைங்க எங்க இருக்கும்?" என்றாள், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"பின்கட்டு வராந்தாவுல. தாள் எடுத்துக்கினு இருக்கும்."

"யாரு வந்து சொன்னாலும் எழுதுமா?"

"கேப்பாங்க. எழுதுவாங்க."

மரியம்மாள் கொஞ்சம் நின்றாள். கூட வரட்டுமா என்று கேட்கச் சவுரியம்மாளின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. கூடப் போனால் இவள் பேச்சிலும் தன் பேச்சு கலக்கும்.

"என் புள்ள பேரு எங்கியும் எழுதினதில்ல" என்றாள் மரியம்மாள். "ஞானஸ்நானத்துக்கு முன்னியே போய்ட்டான்."

அவள் இறங்கி நடந்தாள். மணல் பாதை வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது. அவள் கால் தரையைத் தொடாமல் போவது மாதிரி தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் புழுதி எழுந்தது. பள்ளிக்கூட வாசலில் அவள் ஒரு தடவை நின்று, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, உள்ளே போனாள்.